ஏழில் மூன்றாம் நகல்

விளையாட்டு விதிகளுக்குக் கோப்பு எண் கொடுத்தது என் தவறு. வேறு எவனாவது செய்திருந்தால் முட்டாள்தனம் என்று சொல்லியிருப்பேன். செய்தது நான் என்பதால் தவறு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தூத்துக்குடித் துறைமுக அலுவலகத்தில் நான் தற்காலிக குமாஸ்தா. தற்காலிகம் என்றால் நிரந்தர குமாஸ்தாவின் வேலை முழுவதையும் செய்யலாம், அவருடைய நாற்காலியில் மட்டும் சாய்ந்து உட்காரக் கூடாது என்று பொருள். நிரந்தரமாக மூன்று காகிதங்கள் தேவைப்பட்டன. மேலதிகாரியின் பரிந்துரை ஒன்று. டாக்டரின் சான்று இரண்டாவது. யுத்த காலமானதால் மூன்றாவதாகப் போலீஸிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற ஒரு வரி. முதல் இரண்டும் வந்துவிட்டன. மூன்றாவதற்காகக் காத்திருந்தேன். அந்த ஒரு வரி வராவிட்டால் அந்த வேலை மட்டுமல்ல, சர்க்காரில் எந்த வேலையும் கிடையாது. வேறு மாதிரியான ஒரு வரி வந்தால் பாளையங்கோட்டை ஜெயிலில் சாப்பாடு போட்டு வைத்திருப்பார்கள்.

கொழும்பில் குண்டு விழுந்த பிறகு ஊரில் பாதிப் பேர் உள்நாட்டுக்குக் குடிபோனார்கள். கொஞ்ச நாளில், குண்டைவிடச் சம்பந்தி வீட்டுச் சாப்பாடு ஆபத்தானது என்று கண்டு திரும்பி வந்தார்கள். ஆனால் பள்ளிக்கூடங்கள் அரை நாளோடு முடிந்தன. துறைமுக ஊழியர்களின் பிள்ளைகள் மீதி அரை நாளைக் கடற்கரையில் போட்டிருந்த முள்கம்பியைத் தாண்டுவதிலும், தாண்டியபின் சிப்பாய்களிடம் பிடிபடுவதிலும் கழித்தார்கள். ஒவ்வொரு முறையும் அலுவலகத்துக்கு ஒரு புகார் வந்தது. அவற்றை வரிசைப்படுத்தி வைத்தவன் நான்தான்.

எங்கள் துறைமுக அதிகாரி ஒரு வெள்ளைக்காரர். தனிக்கட்டை. அவர் பங்களாவில் பன்னிரண்டு ஈயக் கப்பல்கள் இருந்தன. பெரியது என் நடுவிரல் நீளம், சிறியது சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு படகு. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு வெள்ளைக்காரரோடு பெரிய மேஜையில் அவற்றை நகர்த்திப் போர் நடத்துவார். அதற்கு விதிகள் உண்டு. டைப் அடித்த முப்பத்தெட்டுப் பக்கங்கள். எந்தப் பீரங்கி எவ்வளவு தூரம் சுடும், எந்தத் தகடு எத்தனை அங்குலக் குண்டைத் தாங்கும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் புகை எந்தப் பக்கம் போகும் என்று அட்டவணை அட்டவணையாக. கழித்தல் கணக்கில் தப்பு வராதவன் என்று பெயர் எடுத்திருந்ததால் சேதத்தைக் குறித்துக்கொள்ள என்னை அழைப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் தொடங்கினால் விளக்கு வைக்கும்போது ஒரு கப்பல் மூழ்கியிருக்கும்.

முள்கம்பிப் புகார் பத்தோ பன்னிரண்டோ சேர்ந்ததும் துரை என்னைக் கூப்பிட்டார். காலியாகக் கிடக்கும் பஞ்சுக் கிடங்கில் சனிக்கிழமை பிற்பகல்களில் பிள்ளைகளைச் சேர்த்து வைக்கலாம் என்றும், கப்பல்களைத் தான் தருவதாகவும், விதிகளைப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி நான் சுருக்கித் தமிழில் எழுத வேண்டும் என்றும் சொன்னார். சொல்லும்போது என் தோளில் கை வைத்தார். இந்த உத்தரவை எழுத்தில் தாருங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். மூன்று வருட சர்வீஸில் வாய்மொழி உத்தரவு ஒன்றுக்குக்கூடக் கீழ்ப்படிந்ததில்லை. அன்றைக்குத் தோளில் விழுந்த கையில் மயங்கிவிட்டேன்.

முப்பத்தெட்டுப் பக்கத்தை முதலில் பதினொன்றாகச் சுருக்கினேன். அதைப் பெரிய சாதனை என்று நம்பிக்கொண்டு கிடங்குக்குப் போனேன். ஏழு பிள்ளைகள் வந்திருந்தார்கள். மூன்றாம் பக்கம் படிக்கும்போது இரண்டு பேர் தூங்கினார்கள், ஒருவன் சிறிய படகை வாயில் போட்டுக்கொண்டான். ஹெட் கிளார்க்கின் மகன் மட்டும் கைகட்டி நின்று கேட்டான். அவன் கேட்டது விதிகளை அல்ல, நான் எங்கே தப்பு விடுகிறேன் என்பதை.

அன்று தெரிந்துகொண்டது இது. பெரியவர்கள் எழுதிய விதிகள் பீரங்கியைப் பற்றியவை. பிள்ளைகள் பீரங்கியைப் பற்றிச் சண்டை போடவே இல்லை. குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று நான் சொன்னால் அதை ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் சண்டை போட்டதெல்லாம் எதிரில் இருப்பவனின் யோக்கியதையைப் பற்றி. அடுத்தடுத்த வாரங்களில் அட்டவணைகளை ஒவ்வொன்றாக வெட்டி எறிந்துவிட்டு, எங்கே சத்தம் எழுகிறதோ அங்கே ஒரு விதி எழுதிக்கொண்டு வந்தேன்.

முதல் சத்தம் அளவில் எழுந்தது. அங்குலக்கோல் வேண்டாம், கப்பல் ஒரு சாண் நகரும் என்று எழுதியிருந்தேன்.

"ஏலே, உன் சாணு என் முழமுல்லா இருக்கு. நீ நாளைக்கே கொழும்புக்குப் போயிருவியே."

"நீ விரல மடக்கிட்டு அளந்தா அதுக்கு நானா பொறுப்பு?"

பனை ஈர்க்கு ஒன்றை ஒடித்து, இதுதான் எல்லோருக்கும் அளவு என்றேன். ஈர்க்கை யார் கையில் வைப்பது என்று அடுத்த சண்டை. அளவுகோல் எப்போதும் எதிராளியிடம் இருக்கும், என் கப்பலை நீ அளப்பாய், உன் கப்பலை நான் அளப்பேன் என்று எழுதினேன். சத்தம் அடங்கியது.

இரண்டாவது சத்தம் வீடுகளிலிருந்து வந்தது. தாயக்கட்டையை உருட்டிக் குண்டு பட்டதா இல்லையா என்று பார்ப்பது துரையின் முறை. துறைமுக ஆபீஸில் பிள்ளைகளுக்குச் சூதாட்டம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று இரண்டு தாய்மார் சந்தேகப்பட்டார்கள். தாயக்கட்டையை எடுத்துவிட்டு ஐந்து சோழிகளைக் கொடுத்தேன். மூன்று மல்லாந்தால் எதிரிக் கப்பல் மூழ்கும். கூட்டல் இல்லை, கழித்தல் இல்லை.

களத்தையும் மாற்றினேன். துரையின் விதிகளில் வரும் கடல் எங்கள் யாருக்கும் தெரியாத கடல். கிடங்குத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எங்கள் துறையையே வரைந்தேன். முயல் தீவுக்கு உப்பைக் குவித்தேன். அதற்கு ஊரில் பஞ்சமில்லை. கலங்கரை விளக்கத்துக்கு உடன்குடிக் கருப்பட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். ஊர் தெரிந்ததும் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தீவுக்குப் பின்னால் ஒளியலாம் என்பதை ஐந்து வயதுப் பையன்கூடச் சொல்லாமலே செய்தான். ஆனால் கலங்கரை விளக்கம் வாரா வாரம் குட்டையாகிக்கொண்டே வந்தது. எறும்பு என்றார்கள். பல்தடம் உள்ள எறும்பு. அதற்கும் ஒரு விதி எழுத வேண்டியதாயிற்று.

மூன்றாவது சத்தம்தான் பெரியது. கப்பல்களைப் பிரிப்பது எப்படி? துரையின் முறைப்படி ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு மதிப்பு உண்டு, இரு பக்கமும் நூறு வரும்படி கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டத் தெரிந்தவன் கூட்டத் தெரியாதவனை ஏமாற்றினான். நான் சமமாகப் பிரித்துக் கொடுத்தேன். ஹெட் கிளார்க் மகனுக்குச் சலுகை காட்டுகிறேன் என்றார்கள். சீட்டுப் போட்டேன். சீட்டை மடித்தவன் திருடன் என்றார்கள்.

அப்போது ஒரு சிறுமி பேசினாள். எங்கள் ஆபீஸ் படகோட்டியின் மகள், பத்து வயது, மாதா கோயில் தெருப் பெண். அதுவரை அவள் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை.

"சார், முத்துக்குளிப்புல செய்யுதாப்புல செய்யலாம்லா. ஒருத்தன் பங்கு வைக்கணும், இன்னொருத்தன் எடுக்கணும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் சிறுவனாக இருந்தபோது நடந்த முத்துக்குளிப்பை இதே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓலைத்தட்டியால் அடைத்த பெரிய களத்தில், குளித்து வந்தவர்கள் தங்கள் சிப்பியை மூன்று குவியலாகப் பங்கு வைப்பார்கள். சர்க்கார் குமாஸ்தா வந்து தனக்குப் பிடித்த இரண்டைக் காட்டுவார். அவை சர்க்காருக்கு. மிஞ்சிய ஒன்று குளித்தவனுக்கு. எது தனக்கு மிஞ்சும் என்று தெரியாததால் மூன்றையும் அவன் தராசு வைத்ததுபோல ஒன்றாக வைப்பான். அவன் சர்க்காரை நம்பவில்லை, சர்க்கார் அவனை நம்பவில்லை. பங்கு மட்டும் சரியாக இருந்தது. அவள் அப்பா அந்த முத்துக்குளிப்பில் மூழ்கியவர்.

"பங்கு வச்சவன் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டணும்," என்று அவளே சேர்த்தாள். "எங்கப்பாவுக்கு வாயத் தொறந்துகூடப் பாப்பாவளாம்."

"வாய் வேண்டாம், கை போதும்," என்று எழுதினேன். பழகியவன் பங்கு வைக்க வேண்டும், புதியவன் எடுக்க வேண்டும் என்றும் ஒரு வரி. புதிதாக வந்த பிள்ளை முதல் நாளே தோற்று அழுதுகொண்டு போகாமல் இருக்க, முப்பத்தெட்டுப் பக்கத்தில் இல்லாத ஒரு வழி அதில் இருந்தது. மில் சங்கு ஊதியதும் ஆட்டம் முடியும். அப்போது யாருக்கு அதிகக் கப்பல் மிஞ்சியிருக்கிறதோ அவருக்கு வெற்றி.

எல்லாம் ஒரே தாளில் அடங்கிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு தாளை நான் எழுதி, அதற்கு எண் இல்லாமல் வெளியே அனுப்பினால் எனக்கு அன்று சோறு இறங்காது. காலாவதியாகி முறைப்படி தள்ளுபடி செய்த படிவங்களின் பின்பக்கத்தில் ஏழு பிரதிகள் என் கையாலேயே எழுதினேன். இடப்பக்க மேல்மூலையில் கோப்பு எண். வலப்பக்கத்தில் நகல் 1/7, நகல் 2/7 என்று ஏழு வரை. கீழே துறையின் வரைபடம். பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கி, எந்த நகல் யாரிடம் என்று ஒரு பட்டியலும் வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் துரையைக் கடற்படைக்கு அழைத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் அவகாசம். பெட்டி படுக்கையோடு போய்விட்டார். ஈயக் கப்பல்களைக் கிடங்கில் இருந்த பெட்டியோடு விட்டுவிட்டார். புதிதாக வந்தவர் எழுத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்ற கொள்கையுடையவர். சாதாரண நாளில் அவரை நான் கும்பிட்டிருப்பேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு புதன்கிழமை காலை வந்தார். மடிப்புக் கலையாத உடுப்பு, இடது கக்கத்தில் ஒரு கோப்பு. ஆவண அறையில் என்னை எதிரே உட்காரச் சொன்னார். போலீஸ்காரர் உட்காரச் சொன்னால் நின்றுகொண்டிருப்பது நல்லது என்று எனக்கு அன்று தெரியாது. கோப்பைத் திறந்து, முதலில் இருந்த தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். என் கையெழுத்து. நகல் 3/7.

"சிவப்புப்படை முயல் தீவுக்குப் பின்னால் மறைந்து நிற்கலாம். எதிரி நேரடியாகக் கேட்டாலொழியச் சொல்ல வேண்டியதில்லை," என்று படித்தார். "இதுல யாரு வே சிவப்பு?"

"பொம்மைக் கப்பல், சார்."

"நீலம்?"

"அதுவும் பொம்மைதான்."

"ரெண்டு பக்கமும் பொம்மைன்னா சண்டை யாருக்கு?"

விரலை அடுத்த விதிக்கு நகர்த்தினார்.

"மூன்று சோழி மல்லாந்தால் கப்பல் மூழ்கும். சோழின்னா என்ன?"

"சோழிதான் சார். கரையில கெடக்குமே."

"அத எனக்குச் சொல்லித் தரவேண்டாம். எதுக்குப் பதிலா எழுதிருக்குன்னு கேக்கேன்."

"தாயக்கட்டைக்குப் பதிலா."

அதை எழுதிக்கொண்டார். உண்மையைச் சொன்னதில் எனக்கு அன்று கிடைத்த பலன் அது. பிறகு தாளை மெல்ல இறக்கி, அதற்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கலங்கரை விளக்கத்தை யாரும் தின்னக் கூடாது. இதுக்கு என்ன சொல்லுதீரு?"

"அது கருப்பட்டி, சார்."

"எது?"

"கலங்கரை விளக்கம்."

அதையும் எழுதிக்கொண்டார். பேனா தாளில் ஊர்வதைப் பார்த்தபடி, எனக்கான அந்த ஒரு வரி எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். பொம்மைகளைக் காட்டுகிறேன், வாருங்கள் என்றேன். பொம்மை எங்கும் போய்விடாது என்றார். அவருக்குக் கவலை வேறு. எழுதியவனே ஏழு என்று எழுதியிருக்கிறான். மற்றவை எங்கே? துறையின் படத்தோடு ஒரு தாள் எவன் கையிலாவது இருந்தால்? சனிக்கிழமைக்குள் எல்லா நகலும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும்.

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நகல் ஹெட் கிளார்க் மகன் பெயரில் இருந்தது. மாலையில் ஹெட் கிளார்க்கின் மேஜைக்குப் போனேன். என்னைவிட இருபது வயது பெரியவர். தபால் பையின் வாயை அவரே கட்டி அவரே முத்திரை வைப்பார். பியூனுக்கு மெழுகைக் காய்ச்ச மட்டும் அனுமதி.

"அண்ணாச்சி, நீங்கதானா?"

"நாந்தான்." முத்திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் பதிவேட்டுல இல்லாத கோப்பு எண்ணு என் மவன் சட்டைப்பையில இருக்கு. நீரா இருந்தா என்ன செய்வீரு?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்."

"கேட்டிருக்க மாட்டீரு. மேல அனுப்பிருப்பீரு. நான் அனுப்பலன்னா, நாளைக்கு அத வச்சு என்னய அனுப்பிருப்பாவ."

அவர் சொன்னது சரி. நானும் அனுப்பியிருப்பேன். அதனால்தான் அவர்மேல் வந்த கோபம் நாற்பது வருடம் நின்றது. நியாயமில்லாத காரியம் செய்தவனை மன்னித்துவிடலாம்.

அந்த மூன்று நாளும் ஊரே என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. சாதாரணச் சட்டை போட்ட போலீஸ்காரர் ஒருவர் வெற்றிலைக் கடையில் நின்று ஆத்தூர் வெற்றிலை கேட்பார், நான் நகர்ந்ததும் பாக்குப் போடாமலே நகர்வார். கடைக்காரர், "அவரு ஒம்மத்தான் பாக்காரு அண்ணாச்சி, கொஞ்சம் மெள்ள நடயும், அவருக்கு மூட்டுவலி," என்றார். பக்கத்து மேஜைக்காரர் என் மைக்கூட்டில் பேனாவைத் தோய்ப்பதை நிறுத்தினார். அந்த வாரம் என்னிடம் இயல்பாகப் பேசியவர்கள் அந்தப் பிள்ளைகள் மட்டும்தான். அவர்களையும் சந்தேகித்தேன். ஏன் இயல்பாகப் பேசுகிறார்கள்?

வெள்ளிக்கிழமைக்குள் ஆறு நகலையும் சேர்த்துவிட்டேன். ஒன்றில் மீன்வாடை, ஒன்றில் எண்ணெய், ஒன்று காத்தாடியாகிப் பிறகு பிரிக்கப்பட்டது. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் விரலை நாக்கில் தொட்டு எண்ணினார்.

"ஆறு."

"ஆமா, சார். ஒண்ணு, ரெண்டு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு."

"மூணு எங்க?"

"உங்க கோப்புலதான் சார் இருக்கு. புதன்கிழமை காட்டினீங்களே."

"அது புகாரோட வந்த ஆவணம். நான் கேக்கது நகல்."

அவர் பின்னால் நின்ற ஏட்டுகள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் தப்பாக எண்ணவில்லை. ஆவணப் பதிவேட்டில் ஏறியது வேறு, மீட்கப்பட்ட பொருள் வேறு. இரண்டையும் கலக்கக் கூடாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆறு கிடைத்தது, ஒன்று வெளியில் நடமாடுகிறது என்று எண்ணிய கையோடு திருநெல்வேலி மேலதிகாரிக்கு எழுதியும் போட்டுவிட்டார். இப்போது நான் இன்னொரு முறை வாயைத் திறந்தால், ஏட்டுகள் முன்னால் அவருக்கு எண்ணத் தெரியாது என்று சொல்வதாகும். திறக்காவிட்டால், இல்லாத ஒரு தாளை நான் ஒளித்து வைத்திருப்பதாகும். என் நிரந்தரத்தை எழுத வேண்டிய பேனா அவர் சட்டைப்பையில் குத்தியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"நாளைக்குக் கிடங்குக்கு வாரேன்," என்றார். "நீரு சொல்லுத விளையாட்ட நடத்திக் காட்டும். அதுக்குள்ள அந்த ஒண்ணும் வந்துரணும்."

சனிக்கிழமை பிற்பகல் கிடங்கில் சுண்ணாம்புக்கோடு புதிதாகப் போட்டு, உப்பைக் குவித்து, முழுக் கருப்பட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். இன்ஸ்பெக்டர் தனியாக வந்தார், கக்கத்தில் அதே கோப்பு. ஹெட் கிளார்க்கும் வந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. பிள்ளைகள் ஏழு பேரும் சுவரோரம் குந்தியிருந்தார்கள். பிள்ளைகளையே ஆட விடுகிறேன் என்றேன். இன்ஸ்பெக்டர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். சொல்லிவைத்து ஆடுவார்கள் என்று சந்தேகம். தானே ஆடிப் பார்க்க வேண்டும். யாரோடு என்று கேட்டேன். பிள்ளைகளை வரிசையாகப் பார்த்து, யாரிடம் உண்மை சீக்கிரம் வரும் என்று தீர்மானிப்பவர்போல், படகோட்டியின் மகளைக் காட்டினார். பன்னிரண்டு கப்பலையும் அவர் முன்னால் கொட்டினேன்.

"புதுசா வந்தவுக எடுக்கணும்," என்றாள் அவள். "நான் பங்கு வைக்கேன்."

"நீ வைக்காண்டாம். நான் வைக்கேன்."

"சர்க்கார்தான அய்யா எடுக்கணும். நாங்கதான பங்கு வைக்கணும். முத்துக்குளிப்புலயும் அப்படித்தான்."

"இன்னைக்குச் சர்க்கார் பங்கு வைக்கும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்பம் கையையும் சர்க்கார்தான் காட்டணும்."

அதை அவர் கவனித்தமாதிரித் தெரியவில்லை. பூட்ஸ் காலோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோப்பை இடது கையில் பிடித்தபடி வலது கையால் கப்பல்களைப் பிரித்தார். நிதானமாகப் பிரித்தார். பெரியதை ஒரு பக்கம், அடுத்த இரண்டை மறுபக்கம், ஒவ்வொன்றாகக் கையில் எடை பார்த்து. கடைசியில் இரண்டு குவியல். "எடு," என்றார்.

அவள் எடுக்கவில்லை. விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"பதினொண்ணு இருக்கு."

"எல்லாம் வச்சாச்சு."

"பன்னெண்டு அய்யா. கையக் காட்டுங்க."

தூத்துக்குடியில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் யாரும் அதுவரை இந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஹெட் கிளார்க் இருமினார். எனக்கு அந்தப் பெண்ணை அப்படியே தூக்கி வெளியே விட்டுவிடலாமா என்று தோன்றியது. என் மூன்றாவது காகிதம் அவள் நாக்கு நுனியில் நின்றுகொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் வலது கையை விரித்துக் காட்டினார். காலி.

"அந்தக் கை?"

"அதுல கோப்பு இருக்கு."

"கோப்பக் கீழ வச்சுட்டுக் காட்டுங்க."

சுவரோரம் இருந்த பிள்ளைகளில் ஒருவன் சிரிப்பை அடக்கப்போய் மூக்கால் விட்டான். இன்ஸ்பெக்டர் கோப்பைத் தரையில் வைத்தார். சிறிய படகு அவர் இடது உள்ளங்கையில், கோப்பு அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில், இருந்தது. யோசித்துக்கொண்டே எடுத்து அங்கே வைத்திருந்தாரா, வேண்டுமென்றே வைத்திருந்தாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. படகை எடுத்து ஒரு குவியலில் போட்டாள் அவள். ஏச்சுக் குரலில்கூடச் சொல்லவில்லை. தன் தம்பிக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"கையில வச்சிருக்கதையும் சேத்து எண்ணணும், அய்யா. இல்லன்னா எப்பவும் ஒண்ணு குறையத்தான் செய்யும்."

வைத்த வேகத்தில் கோப்பின் அட்டை திறந்துகிடந்தது. மேலே மூன்றாம் நகல். அதன் கீழே, நூலால் கட்டிய மற்ற ஆறு. காற்றில் மேல்தாள் லேசாக எழுந்து எழுந்து அமர்ந்தது. இன்ஸ்பெக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட் கிளார்க்கும் பார்த்தார். நான் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் எதையும் பார்க்கவில்லை என்பது எனக்கு முக்கியமாக இருந்தது.

"சரி, எடு," என்றார் கடைசியில்.

ஆடினார்கள். ஈர்க்கு எதிராளியிடம் இருக்கும் என்பதை ஒரு முறை சொன்னதும் அவர் புரிந்துகொண்டார், அது அவருக்குப் பிடித்தும் இருந்தது. இரண்டு கப்பலை உப்புத்தீவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார்.

"தீவுக்குப் பின்னால யாரும் உண்டா?" என்று அவள் கேட்டாள்.

நேரடியாகக் கேட்டால் சொல்லியாக வேண்டும். கூண்டில் ஏறிய சாட்சிபோல மேலே ஒரு தரம் பார்த்து, "உண்டு," என்றார். அவள் சோழியை வீசினாள். மூன்று மல்லாந்தன. மில் சங்கு ஊதியபோது அவளுக்கு மூன்று கப்பல் மிஞ்சியிருந்தது, சர்க்காருக்கு ஒன்று.

இன்ஸ்பெக்டர் எழுந்து முழங்காலில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டார். கோப்பை எடுத்து, பேனாவை உருவி, நின்றபடியே ஒரு வரியை அடித்து ஒரு வரி எழுதினார்.

"ஏழும் வந்தாச்சு," என்றார் என்னைப் பாராமல். பிறகு பார்த்தார். "விளையாட்டுத் தாளுக்குக் கோப்பு எண்ணு போடச் சொன்னது யாரு வே?"

"யாரும் சொல்லல, சார்."

"அதுக்கு உங்க ஆபீஸ்லருந்து ஒரு மெமோ வரும். வாங்கிக்கிடும்."

ஹெட் கிளார்க் அவருக்கு முன்னால் வழி விட்டுப் பின்னால் நடந்தார். அவர் மகன் தரையில் கிடந்த கப்பல்களைப் பொறுக்கிப் பெட்டியருகே குவித்தான். பிள்ளைகள் கலைந்தார்கள். தாள்கள் அவர்களுக்குத் திரும்ப வரவில்லை, அவர்கள் கேட்கவுமில்லை. விதிகள் ஏழு பேருக்கும் மனப்பாடம்.

மெமோ வந்தது. அதிகாரம் இல்லாமல் கோப்பு எண் வழங்கியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கீழே ஹெட் கிளார்க்கின் சுருக்கொப்பம். முறையான மெமோ, ஒரு பிழை இல்லை. இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். எச்சரிக்கையோடு முடித்தார்கள். நான்கு மாதம் கழித்து ஆட்சேபணை இல்லை என்ற வரியும், அதன் பின்னால் நிரந்தர உத்தரவும் வந்தன. அன்றுதான் முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். பின்கால் ஒன்று ஆடியது.

இன்ஸ்பெக்டர் அந்தப் படகை மறந்து கையில் வைத்திருந்தார் என்று ஹெட் கிளார்க் கடைசிவரை சொல்லிவந்தார். எனக்குத் தெரியாது. ஏட்டுகள் முன்னால் ஒரு தற்காலிக குமாஸ்தா திருத்தினால் ஏற்க முடியாத ஒன்றை, பத்து வயதுப் பெண் விளையாட்டில் சொன்னால் ஏற்கலாம். அன்றைக்கு அவர் ஏட்டுகளை அழைத்து வரவில்லை என்பதையும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவரை அவ்வளவு நல்லவர் என்று நம்ப என்னால் முடியவில்லை. காரணம் அன்று மாலை நடந்தது.

எல்லோரும் போனபின் கப்பல்களைப் பெட்டியில் அடுக்கினேன். பெட்டிக்குள் நான் எழுதிய சாமான் பட்டியல் இருந்தது. கப்பல், ஈயம், பன்னிரண்டு. எண்ணினேன். பதினொன்று. சிறிய படகைக் காணோம். உப்பைக் கிளறினேன், கருப்பட்டியைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு, விதிப்படி, என் இரண்டு கைகளையும் விரித்து நானே பார்த்துக்கொண்டேன்.

முறைப்படி மறுநாளே புதிய அதிகாரிக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினால் விசாரணை வரும், விசாரணைக்கு அதே இன்ஸ்பெக்டர் வருவார். அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். வேறு தாளில் கப்பல், ஈயம், பதினொன்று என்று எழுதி, பழைய தேதியிட்டு, பெட்டியில் வைத்தேன். என் சர்வீஸில் நான் செய்த ஒரே பொய்ப் பதிவு அது. கடைசியாக அந்தப் படகைத் தொட்டவர்கள் மூன்று பேர். இன்ஸ்பெக்டர், படகோட்டியின் மகள், பொறுக்கித் தந்த ஹெட் கிளார்க் மகன். மூவரையும் நான் இன்றுவரை ஒரே அளவில் சந்தேகித்துவருகிறேன்.